நள்ளிரவு வரை கணவன் மனைவி

ஓர் ஆரஞ்சுப் பழத்திலிருந்து தொடங்குகிறேன். புளோரிடாவுக்குப் போய்விட்டு வருவதாக மனைவியிடம் சொல்லியிருந்த ஜெர்ரி வாரினர், ஒரு கூடைப் பழத்தோடு வீடு திரும்புகிறான். உண்மையில் அவன் புளோரிடாப் பக்கமே போகவில்லை. நியூயார்க்கில் ஒரு கிளப்பில், சூரிய விளக்கின் கீழ் படுத்து, கடற்கரை வெயில் பட்டவனைப் போல உடம்பைக் கறுக்க வைத்துக்கொண்டு வருகிறான். வீட்டில் மனைவி லூசி இல்லை. உடன் வந்த நண்பர்கள் முன்னால் எதையோ சொல்லிச் சமாளிக்கிறான். கொஞ்ச நேரத்தில் முந்தைய இரவின் விருந்து உடையிலேயே அவள் வருகிறாள். பின்னாலேயே பாட்டு வாத்தியார் ஆர்மாண்ட். வழியில் கார் நின்றுவிட்டது, இரவு ஒரு விடுதியில் தங்க வேண்டியதாகிவிட்டது என்கிறார்கள். ஜெர்ரியின் முகம் சுண்டிப்போகிறது. லூசி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவனிடம் வீசுகிறாள். பிடித்துப் பார்க்கிறான். தோலில் 'கலிபோர்னியா' என்று முத்திரை குத்தியிருக்கிறது.

1937ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்தின் தொடக்கம் இது. இயக்கியவர் லியோ மெக்கேரி. ஜெர்ரியாக கேரி கிராண்ட், லூசியாக ஐரீன் டன். கணவன் மனைவி வாழ்க்கையைப் பற்றி ஹாலிவுட் எடுத்த நகைச்சுவைப் படங்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கதையைக் கேட்டால் புதிதாக எதுவும் இல்லை. சந்தேகத்தால் பிரியும் தம்பதி, ஆளுக்கொரு புதுத் துணை தேடி, கடைசியில் மீண்டும் சேர்கிறார்கள். இந்த எளிய கதை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வாடாமல் இருப்பதற்கான காரணங்கள் பாதி படத்துக்கு வெளியே, அன்றைய சட்டத்திலும் தணிக்கையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் கிடக்கின்றன.

முதலில் அந்த ஆரஞ்சுப் பழத்தை முடித்துவிடுகிறேன். ஜெர்ரி அந்த இரண்டு வாரம் எங்கே இருந்தான் என்பதைப் படம் கடைசி வரை சொல்வதில்லை. லூசி சொன்னது உண்மைதான் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதற்கும் சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை. வேறொரு படமாக இருந்தால் விடுதிக்காரரோ கார் மெக்கானிக்கோ வந்து அவள் குற்றமற்றவள் என்று நிரூபித்திருப்பார், கணவன் தலைகுனிந்திருப்பான். மெக்கேரி அந்த வழிக்கே போகவில்லை. திருமணம் என்பது நம்பிக்கையின் மேல் நிற்பது, அது போனால் எல்லாம் போயிற்று என்று நண்பர்கள் முன்னால் நீட்டி முழக்குபவன், பொய் வெயிலில் கறுத்துவந்த அதே ஜெர்ரிதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் நேராகத் தொலைபேசியை எடுத்து வக்கீலை அழைத்துவிடுகிறாள். திருமணம் எவ்வளவு அழகான விஷயம், அவசரப்படாதே என்று அந்தப் பக்கமிருந்து புத்தி சொல்கிறார் வக்கீல். நடுவில் குறுக்கிடும் தன் மனைவி மேல் எரிந்துவிழுந்துவிட்டு, மறுபடியும் அதே குழைவான குரலில் திருமணத்தின் அழகைத் தொடர்கிறார். அரை நிமிடக் காட்சிதான். மெக்கேரி இளமையில் சட்டம் படித்தவர், வக்கீல் தொழிலில் சோபிக்காமல் சினிமாவுக்கு வந்தவர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன்.

அன்றைய நியூயார்க் மாநிலச் சட்டப்படி விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கப்பட்டது பிறன்மனை உறவு ஒன்றுதான். 1966இல் சட்டம் திருத்தப்படும் வரை அங்கே அதுவே நிலை. மனம் ஒத்துப்போகவில்லை, கொடுமை செய்கிறான் என்றெல்லாம் சொல்லி விடுபட முடியாது. அதனால் கையில் காசுள்ளவர்கள், விவாகரத்து எளிதாகக் கிடைத்த நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரத்துக்கு ரயில் ஏறினார்கள். இல்லாதவர்கள் விடுதி அறையில் போலிச் சாட்சியம் தயாரித்தார்கள். ஜெர்ரிக்கும் லூசிக்கும் நடுவில் வந்த சந்தேகம் வெறும் குடும்பச் சச்சரவல்ல. அந்த ஊரில் ஒரு திருமணத்தை உடைக்க வல்ல ஒரே ஆயுதம் அதுதான். நீதிமன்றக் காட்சியில் படம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அங்கே வழக்கெல்லாம் நாய் யாருக்கு என்பதைப் பற்றித்தான்.

மிஸ்டர் ஸ்மித் என்ற அந்த நாய் தனக்குப் பிடித்தவரிடம் போகட்டும் என்று நீதிபதி விட்டுவிடுகிறார். இரண்டு பேரும் கூப்பிடுகிறார்கள். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தயங்குகிறது. லூசி ஒளித்து வைத்திருந்த பொம்மையை அதன் கண்ணில் மட்டும் படும்படி மெல்லக் காட்டுகிறாள். நாய் அவளிடம் ஓடுகிறது. வாரத்தில் குறிப்பிட்ட நேரம் வந்து பார்க்கும் உரிமை ஜெர்ரிக்குக் கிடைக்கிறது. அப்புறம் நீதிபதி தீர்ப்பைச் சொல்கிறார்: விவாகரத்து வழங்கப்படுகிறது, ஆனால் 90 நாள் கழித்துத்தான் அது முழுமை பெறும்.

படத்தின் உயிர் இந்த 90 நாளில் இருக்கிறது. பிரிந்தவர்கள் மனம் மாற இடம் கொடுக்கச் சட்டம் வைத்த இடைவெளி அது. அதுவரை அவர்கள் பிரிந்து வாழும் கணவன் மனைவி. புதிதாக யாரையும் மணக்க முடியாது. முன்னாள் கணவன், முன்னாள் மனைவி என்று ஒருவரையொருவர் ஒதுக்கவும் முடியாது.

இங்கேதான் தணிக்கை வருகிறது. ஹாலிவுட்டின் ஒழுக்க விதித்தொகுப்பு 1930இல் எழுதப்பட்டது. 1934இன் நடுவிலிருந்து ஜோசப் பிரீன் தலைமையில் ஓர் அலுவலகம் அதைக் கண்டிப்போடு அமல்படுத்தத் தொடங்கியது. திருமணத்தின் புனிதத்துக்கு இழுக்கு வரக் கூடாது, கள்ள உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது என்று விதிகள். ஆண் பெண் காதலில் படத்தில் காட்ட முடிந்தது மிகக் குறைவு. அந்த நெருக்கடியில் எழுத்தாளர்கள் கண்டுபிடித்த சந்து, காதலர்களை ஏற்கெனவே தம்பதியாக வைத்துவிடுவது. சட்டப்படி மனைவியாக இருப்பவள் மேல் கணவன் ஆசைப்பட்டால் எந்தத் தணிக்கை அதிகாரி தடுக்க முடியும்? அதே சமயம் அவர்கள் பிரிந்திருப்பதால் ஏக்கம், போட்டி, பொறாமை எல்லாம் புதுக்காதலைப் போலவே கொதிக்கும். அந்த 90 நாளும் முடியும் நள்ளிரவு வரை அவர்கள் கணவன் மனைவி என்பதால்தான் கடைசிக் காட்சியில் ஒரு படுக்கையறைக் கதவைச் சுற்றியே பத்து நிமிடம் படம் எடுக்க மெக்கேரியால் முடிந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தப் படத்தை விளக்க 'ஊடல்' என்ற ஒரு சொல் போதும். ஊடல் தீர்க்கத் தூது போகிறவர்களை அகப்பொருள் இலக்கணம் 'வாயில்' என்று அழைக்கும். தோழி, பாணன், விறலி என்று அந்த வரிசை நீளும். இந்தப் படத்தில் வாயிலாக வருவது நாய். அதைப் பார்க்கும் சாக்கில்தான் ஜெர்ரி அவள் வீட்டுப் படியேறுகிறான். வாயில் என்ற அந்தச் சொல்லின் நேர்ப்பொருளும் கடைசியில் வந்து சேர்கிறது.

கதைக்கு மூலம் ஆர்தர் ரிச்மன் எழுதி 1922இல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம். 1925இல் பேசாத படமாகவும், 1929இல் பேசும் படமாகவும் ஏற்கெனவே வந்துவிட்டது. மூன்றாம் முறையாகக் கொலம்பியா அதைக் கையில் எடுத்தபோது திரைக்கதைக்கு வினா டெல்மார் பெயர் போடப்பட்டது. ஆனால் மெக்கேரி எழுதி வைத்ததைப் படமெடுக்கும் ஆள் இல்லை. அவர் வளர்ந்தது ஹால் ரோச்சின் பேசாத நகைச்சுவைப் பட்டறையில். லாரலையும் ஹார்டியையும் ஜோடி சேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. காலையில் தளத்துக்கு வருவார், பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே யோசிப்பார். அன்றைக்கு எடுக்க வேண்டியது அங்கேயே பிறக்கும். நடிகர்களுக்கு முன்கூட்டி வசனம் கிடைக்காது.

ரால்ஃப் பெல்லமி தன் முதல் நாளைப் பற்றிச் சொன்ன கதை இந்த முறையை நன்றாகக் காட்டும். அவருக்கு ஓக்லஹோமா எண்ணெய்க் கிணற்றுப் பணக்காரர் டான் லீசன் வேடம். தளத்துக்கு வந்தவரிடம் மெக்கேரி, பாட வருமா என்று கேட்டிருக்கிறார். சுத்தமாக வராது என்கிறார் பெல்லமி. ஐரீன் டன்னிடம் பியானோ வாசிக்க வருமா என்று கேட்கிறார். சுமாராகத்தான் வரும் என்கிறார் அவர். சரி, அவர் வாசிக்கட்டும், நீங்கள் பாடுங்கள் என்று 'ஹோம் ஆன் தி ரேஞ்ச்' என்ற எல்லாருக்கும் தெரிந்த நாட்டுப்பாட்டைக் கொடுத்துக் கேமராவை ஓடவிட்டார். பெல்லமி தொண்டையைக் கிழித்துப் பாடுகிறார், டன் தடுமாறி வாசிக்கிறார். கேமராவுக்குக் கீழே மெக்கேரி சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தாராம். அந்த முதல் எடுப்பே படத்தில் இருக்கிறது. ஐரீன் டன் முறைப்படி சங்கீதம் பயின்றவர், 'ஷோ போட்' படத்தில் பாடி நடித்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தப் பியானோ முன்னால் அவர் முகத்தில் ஓடும் பொறுமை இன்னும் இனிக்கும்.

இந்த முறை கேரி கிராண்டை மிரள வைத்தது. அதுவரை அவர் பாரமவுண்ட் நிறுவனத்தில் அழகான கதாநாயகனாக நின்றுவிட்டுப் போனவர். ஒப்பந்தம் முடிந்து அப்போதுதான் தனியாக வெளியே வந்திருந்தார். நாளைக்கு என்ன காட்சி என்றே தெரியாத படத்தில் பேர் கெட்டுவிடும் என்று பயந்து, தன்னை இதிலிருந்து விடுவித்தால் வேறொரு படத்தில் சம்பளமில்லாமல் நடித்துத் தருவதாக நிறுவனத் தலைவர் ஹாரி கோனிடம் மன்றாடினார். கோன் விடவில்லை. விட்டிருந்தால் நாம் அறிந்த கேரி கிராண்ட் எப்போது, எந்தப் படத்தில் வந்து சேர்ந்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் சாய்ந்த தலை, பாதியில் நிற்கும் சொல், கேலியும் கூச்சமும் கலந்த அந்தச் சிரிப்பு எல்லாம் இந்தப் படத்தில்தான் ஒன்றுகூடின.

அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பையன். இயற்பெயர் ஆர்ச்சி லீச். சிறு வயதிலேயே ஒரு கழைக்கூத்துக் குழுவில் சேர்ந்து, குட்டிக்கரணமும் விழும் வித்தையும் கற்றவர். மெக்கேரி அந்தப் பழைய பயிற்சியைத் தோண்டி எடுத்தார். அதற்கு நல்ல சாட்சி, படத்தின் நடுவில் வரும் கச்சேரிக் காட்சி. நான் இந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதே அந்தக் காட்சிக்காகத்தான்.

லூசி ஆர்மாண்டின் வீட்டில் இருக்கிறாள் என்று ஜெர்ரிக்குத் தெரியவருகிறது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அங்கே ஓடுகிறான். வாசலில் தடுக்கும் வேலையாளோடு மல்லுக்கட்டி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறான். உள்ளே ஒரு கூடம் நிறைய மரியாதைப்பட்ட மனிதர்கள் வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். பியானோவில் ஆர்மாண்ட். அருகில் நின்று லூசி பாடிக்கொண்டிருக்கிறாள். ஜெர்ரி தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஒன்றும் நடக்காதவன் போலப் பின்வரிசை நாற்காலியில் உட்காருகிறான். எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பாட்டுக்குத் திரும்புகிறார்கள். அவன் கொஞ்சம் பெருமிதத்தோடு நாற்காலியைப் பின்பக்கம் சாய்க்கிறான். நாற்காலி சறுக்குகிறது. பக்கத்திலிருந்த மேஜையையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுகிறான். எழப் பார்க்கிறான், இன்னும் ஏதோ உருள்கிறது. பாட்டு கடைசி வரிக்கு வந்துவிட்டது. லூசி அவனைப் பார்க்கிறாள். இழுத்து முடிக்க வேண்டிய கடைசி சுரத்துக்குள் அவளுடைய சிரிப்பு வந்து கலந்துவிடுகிறது. சுரம் தவறவில்லை. பாட்டும் முடிகிறது, சிரிப்பும் முடிகிறது, இரண்டும் ஒரே மூச்சில்.

அந்தக் கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அவன் கச்சேரியைக் கெடுக்க வந்த முரடன். அவளுக்கு மட்டும் அது ஜெர்ரி. அவன் எதற்காக வந்தான், என்ன எதிர்பார்த்தான், இப்போது எப்படி மூக்கு உடைபட்டிருக்கிறான் என்பதெல்லாம் அவள் ஒருத்திக்கே தெரியும். திருமணம் என்றால் என்ன என்று படம் வைத்திருக்கும் பதில் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. ஓர் ஆள் விழும்போது அது எப்படிப்பட்ட விழுதல் என்று உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அடுத்த காட்சியிலேயே, தான் இன்னும் அவனைத்தான் நேசிப்பதாக அவள் தன்னுடைய பாட்சி அத்தையிடம் ஒப்புக்கொள்கிறாள்.

டான் லீசனிடம் இல்லாததும் இதுதான். அவர் நல்லவர், பணக்காரர், லூசிக்காகக் கவிதை எழுதுகிறார். அவர் சொல்லும் எதுவும் அவளைச் சிரிக்க வைப்பதில்லை, அவள் சிரிப்பது எதற்கென்று அவருக்கும் புரிவதில்லை. இரவு விடுதியில் அவர் துள்ளித் துள்ளி ஆட, லூசி இழுபட்டுத் திணறும்போது, ஜெர்ரி வாத்தியக் குழுவுக்குக் காசு கொடுத்து அதே இசையை மறுபடி வாசிக்கச் சொல்கிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரசிக்கிறான். பெல்லமி அந்த வெள்ளந்தி மனிதனை ஒரு துளியும் கோமாளியாக்காமல் நடித்திருக்கிறார். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் அதற்குக் கிடைத்தது. டானுக்குப் படம் கொஞ்சம் அநியாயம் செய்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஊரை விட்டு வந்து, அம்மாவோடு தங்கி, நிஜமாகவே ஒரு பெண்ணை விரும்பியவர் அவர். லூசியின் வீட்டில் ஒளிந்திருக்கும் ஆண்களின் தொப்பியால் குழப்பம் விளையும் காட்சியின் முடிவில், அவளுடைய படுக்கையறையிலிருந்து ஜெர்ரியும் ஆர்மாண்டும் துரத்திக்கொண்டு வெளியே ஓடுவதை வாசலில் நின்று பார்க்கும்போது, அவருடைய அதிர்ச்சி உண்மையான அதிர்ச்சி.

அந்தத் தொப்பிக் காட்சிக்கு மிஸ்டர் ஸ்மித்தாக வரும் நாய்க்கு நன்றி சொல்ல வேண்டும். ஸ்கிப்பி என்ற அந்த டெரியர் 1934இல் 'தி தின் மேன்' படத்தில் நடித்து ஏற்கெனவே நட்சத்திரமாகியிருந்தது. ஒளித்து வைத்த தொப்பியை விளையாட்டு என்று நினைத்து மறுபடி மறுபடி கவ்விக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் போடும் அதன் உற்சாகத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பின்பாதியில் ஆட்டம் திரும்புகிறது. ஜெர்ரி பெரிய இடத்துப் பெண் ஒருத்தியை மணக்கப்போகிறான். அந்த வீட்டு விருந்துக்கு லூசி, ஜெர்ரியின் தங்கை லோலா என்று சொல்லிக்கொண்டு போய் நிற்கிறாள். தன் தந்தை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர் என்று ஜெர்ரி அங்கே பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறான். ஆமாம், அங்கே புல்தரையை எவ்வளவு அழகாகப் பராமரித்தார் தெரியுமா என்கிறாள் லோலா. பிறகு, படத்தின் முன்பாதியில் ஓர் இரவு விடுதிப் பாடகி பாடிய பாட்டை எடுத்துக்கொண்டு ஆடுகிறாள். அந்தப் பாட்டில் ஒவ்வொரு முறையும் கீழிருந்து காற்று அடித்து ஆடை பறக்கும். இங்கே காற்றுக்கு வசதியில்லை, நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இடுப்பை அசைக்கிறாள். கூடத்தில் எல்லாரும் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா ஜெர்ரியின் முகத்துக்குப் போகிறது. அவமானத்தில் நெளிய வேண்டியவன் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு மலர்ச்சி பரவுகிறது. கச்சேரியில் அவள் சிரித்தாள், இங்கே அவன் சிரிக்கிறான். இரண்டு இடத்திலும் சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மெக்கேரிக்கு இந்தப் படம் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை வாங்கித் தந்தது. மொத்தம் 6 பரிந்துரைகள், கிடைத்தது இந்த ஒன்று. மேடையில் அவர், நன்றி, ஆனால் தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். அவர் மனத்தில் இருந்தது, அதே 1937இல் அவர் எடுத்து வசூலில் தோற்ற 'மேக் வே ஃபார் டுமாரோ'. வீட்டை இழந்து, பிள்ளைகளால் தனித்தனியாகப் பிரிக்கப்படும் வயதான தம்பதியின் கதை அது. அந்தப் படத்துக்குப் பிறகு பாரமவுண்ட் அவரை அனுப்பிவிட்டது, அங்கிருந்துதான் கொலம்பியாவுக்கு வந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு அவர் வருத்தம் புரியும். இரண்டிலும் ஒருவரையொருவர் முழுதாக அறிந்த இரண்டு பேரைத்தான் அவர் காட்டுகிறார். ஒன்றில் பிரிவு தீர்கிறது, மற்றதில் தீரவே தீராது. ஒரே ஆண்டில் ஒரே மனிதர் இந்த இரண்டையும் எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஹார்வர்டின் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1981இல் எழுதிய நூலில், 1930களையும் 40களையும் சேர்ந்த ஏழு ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களை 'மறுமணக் காமெடிகள்' என்று ஒரு வகையாகப் பிரித்தார். காதலர் சேர்வது அல்ல, சேர்ந்தவர் பிரிந்து மீண்டும் சேர்வதே இவற்றின் கதை என்பது அவர் கருத்து. கடைசி அத்தியாயத்தை இந்தப் படத்துக்குக் கொடுத்தார். அதன் பிறகு படிப்பாளிகள் மத்தியிலும் இதற்கு மதிப்பு கூடியது. 1996இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. 1953இல் பாட்டும் நடனமுமாக இதே கதையை மீண்டும் எடுத்தார்கள். இன்று அதைத் தேடிப் பார்ப்பவர் அதிகமில்லை. கதை அதேதான், ஆனால் எந்தக் கதையையும் விடப் பெரிதாக இருந்தது அந்தப் பியானோ முன்னால் பிறந்த கணங்கள்.

கடைசி இரவு பாட்சி அத்தையின் மலைவீட்டில். நள்ளிரவு 12 மணிக்கு விவாகரத்து முழுமையாகிவிடும். அடுத்தடுத்த இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் சரியில்லை, காற்றடித்தால் திறந்துகொள்ளும். ஜெர்ரி, இரவல் வாங்கிய நீண்ட இரவுச் சட்டையில் வந்து வந்து நிற்கிறான். ஏதோ சொல்ல வருகிறான், சொல்லாமல் போகிறான். மறுபடி கதவு திறக்கிறது. ஒரு சமயம் காற்று இருந்தும் கதவு அசையவில்லை. கீழே ஒரு கறுப்புப் பூனை அதில் சாய்ந்து படுத்துத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் அவர்கள் பேசுகிறார்கள். எல்லாம் பழையபடி இருக்க முடியுமா, முடியாதா என்று. நீ மாறவில்லை, நான்தான் முட்டாளாக இருந்தேன், இப்போது நான் மாறிவிட்டேன், ஆகவே எல்லாம் பழையபடியே இருக்கலாமே, கொஞ்சம் மட்டும் வேறாக என்கிறான் ஜெர்ரி. எழுத்தில் படித்தால் சொற்சிக்கல். கேரி கிராண்ட் குரலில் அது மன்னிப்பு. புளோரிடாவைப் பற்றியோ விடுதியைப் பற்றியோ ஒரு சொல் கூட இல்லை. யார் எங்கே போனார் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

சுவரில் ஒரு கடிகாரம். இரண்டு சின்னக் கதவுகள், ஒன்றிலிருந்து ஒரு ஆண் பொம்மையும் மற்றதிலிருந்து ஒரு பெண் பொம்மையும் மணி அடிக்கும்போது வெளியே வந்து, தத்தம் கதவுக்குள்ளேயே திரும்பிப் போகும். அன்றிரவு முழுக்க அப்படித்தான் நடக்கிறது. 12 அடிக்கிறது. இரண்டும் வெளியே வருகின்றன. பெண் பொம்மை திரும்பித் தன் கதவுக்குள் போகிறது. ஆண் பொம்மை ஒரு கணம் தயங்கி, அவள் பின்னாலேயே அதே கதவுக்குள் நுழைந்துவிடுகிறது.